துண்டுக்காரரும் தரங்கம்பாடிக் கோட்டையும்

வாயைத் திறக்காமலே பொய் சொல்லக்கூடிய ஆள் திருச்சி மாவட்டத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் துண்டுக்காரர். பொய் சொல்ல மற்றவர்களுக்கு நாக்கு வேண்டும். இவருக்கு ஐந்து விரலும் ஒரு துண்டும் போதும்.

மாட்டுத் தரகர். வையம்பட்டியில் எங்கள் மாட்டுத்தீவனக் கடைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது. மணப்பாறைச் சந்தையில் மாட்டுக்கு விலை பேசுவதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அங்கே விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து, மாட்டை விற்கிறவன் கைமேல் போட்டு, அதற்கடியில் அவன் விரல்களைப் பிடிப்பார். எத்தனை விரல் என்பதுதான் விலை. பிறகு வாங்குகிறவனிடம் போய் அதையே செய்வார். சுற்றி நூறு பேர் நின்றாலும் ஒருவனுக்கும் ஒன்றும் தெரியாது. விற்கிறவன் கேட்டது வாங்குகிறவனுக்குத் தெரியாது. வாங்குகிறவன் எதுவரை வருவான் என்பது விற்கிறவனுக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்த ஆள் நடுவில் நிற்கிறவர் மட்டும். அவர் முகம் அம்மிக்கல் மாதிரி இருக்கும்.

சந்தையில் செய்தால் அது தொழில். இவர் போகிற இடமெல்லாம் செய்தார். ஒருமுறை திருச்சி பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்க, இவர் துண்டைப் போட்டு அவர் கையைப் பிடித்துவிட்டார். டிக்கெட்டுக்கு ஒரு விரல் குறைத்துக் கேட்டிருக்கிறார்.

"யோவ், கையை விடுய்யா. அரசாங்கம் போட்ட ரேட்டு."

"அரசாங்கத்துக்கிட்ட கேட்டுச் சொல்லுங்க, நான் ஒக்காந்திருக்கேன்" என்றாராம் துண்டுக்காரர்.

புத்தூரில் ஒரு டாக்டரிடம் போனார். "எத்தனை நாளா காய்ச்சல்?" என்று டாக்டர் கேட்டார். இவர் மேசைக்கு மேலேயே டாக்டரின் கையைத் துண்டால் மூடி மூன்று விரலைப் பிடித்தார். டாக்டர் பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டார். வெளியே வந்து இவர் என்னிடம் சொன்னது: "சின்ன வயசு டாக்டர். கை நடுங்குது. அனுபவம் பத்தாது."

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. என் மகள் ரம்யாவைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது இவரையும் கூப்பிட்டுத் தொலைத்தேன். என் அப்பாவுக்குத் தோஸ்த், எனக்குச் சித்தப்பா முறை மாதிரி. கூப்பிடாமல் இருக்க முடியாது. வந்தவர் சும்மா இருந்தாரா. மாப்பிள்ளையைச் சிரிக்க வைத்துப் பல்லைப் பார்த்தார். தண்ணீர்ச் செம்பை எடுத்து வரச் சொல்லி நடையைப் பார்த்தார். ஆசீர்வாதம் பண்ணுகிற சாக்கில் தலைமுடியை விலக்கிச் சுழி பார்த்தார். பார்த்துவிட்டுச் சபையில் சொன்னார்:

"பல்லு சரியா விழுந்து மொளச்சிருக்கு. சொன்ன வயசுதான். ஒத்தச் சுழி. முட்டாது."

மாப்பிள்ளையின் அப்பா நல்ல மனிதர். சிரித்தார். எழுந்து போயிருந்தால் நான் துண்டுக்காரரைத் தீவன மூட்டைக்குள் போட்டுத் தைத்திருப்பேன். ஆனால் போகும்போது அந்த நல்ல மனிதர் ஒன்று கேட்டார்.

"பத்திரிகை அடிக்கக் குடுக்கணும். தாய்மாமன் பேரு என்ன போடுறதுங்க?"

சொல்லி அனுப்புகிறேன் என்று வழியனுப்பி வைத்தேன்.

எனக்கு ஒரே அண்ணன். ஒன்பது வருடமாக நாங்கள் பேசவில்லை. அப்பா இறந்தபோது அவன் குவைத்தில் டிரைவர். லீவு கிடைக்கவில்லை. பங்காளி வீட்டுப் பையன்தான் கொள்ளி வைத்தான். அப்பாவின் ஜோடி மாடு இரண்டும் தீனியைத் தொடாமல் வாசலைப் பார்த்து நின்றன. பத்து நாள் பார்த்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. துண்டுக்காரரைக் கூப்பிட்டு நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்துவிட்டேன். நாற்பதாம் நாள் அண்ணன் வந்தான். காலியாக இருந்த கொட்டகையைப் பார்த்துவிட்டு எல்லார் முன்னாலும் கேட்டான்: "அப்பாவ எரிச்ச சூடு ஆறல, அதுக்குள்ள மாட்ட வித்துட்டியா?"

நான் சொன்னேன்: "நீ வந்து கொள்ளி வச்சிருந்தா மாட்டைப் பத்திப் பேசலாம்."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அத்தோடு சரி. பிறகு குவைத்தை விட்டு வந்தான், ஸ்ரீரங்கத்தில் வீடு கட்டினான், பாலக்கரையில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்தான். எல்லாம் மூன்றாவது மனிதர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் சொன்னது பெரிய சொல் என்று அன்று ராத்திரியே தெரியும். போய்ச் சொல்ல வரவில்லை. வருடம் ஏற ஏற இன்னும் வரவில்லை.

ரம்யா அவன் தோளில் வளர்ந்தவள். இப்போது புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் வேலை. அவள் சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்று சொன்னாள். "பத்திரிகையில மாமா பேரு இல்லன்னா எனக்குப் பத்திரிகையே வேணாம்மா. அடிக்காத." பத்திரிகைக்குத் திங்கட்கிழமை கடைசி என்று பிரஸ்காரர் சொல்லியிருந்தார்.

இந்த நேரத்தில்தான் துண்டுக்காரர் கடைக்கு வந்து, தனக்கு அறுபத்தாறு வயதாகிறது, இன்னும் கடலைப் பார்த்ததில்லை, ஞாயிற்றுக்கிழமை வேன் பேசியிருக்கிறேன், தரங்கம்பாடிக் கோட்டைக்குப் போகிறோம், நீயும் ரம்யாவும் வர வேண்டும் என்றார்.

"எனக்கு இருக்குற எரிச்சல்ல கோட்டை ஒண்ணுதான் கொறச்சல்" என்றேன்.

"கலியாணம் முடிஞ்சா அந்தப் புள்ள எங்க, நீ எங்க. ஒரு நாள் கூட்டிட்டுப் போ" என்றார். அம்மிக்கல் முகம். நானும் ஏமாந்தேன்.

விடியற்காலை ஐந்து மணிக்கு வேன் கிளம்பியது. அவர், அவர் வீட்டுக்காரம்மா, அவர் மகன் குடும்பம், நான். எங்கள் வீட்டுக்காரர் கடையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று தப்பித்துவிட்டார். புத்தூரில் ரம்யா ஏறினாள். பாலக்கரையில் டீ குடிக்கலாம் என்று துண்டுக்காரர் வேனை நிறுத்தி இறங்கிப் போனார். பத்து நிமிடம் ஆயிற்று. திரும்பி வரும்போது அவர் பின்னால் என் அண்ணன் வந்தான்.

தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்க்காமல் ஏறி, கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தான். ரம்யா எழுந்து பின்னால் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கும் இதில் கூட்டு இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

நான் இறங்கப் போனேன். துண்டுக்காரர் கதவை அடைத்து நின்றார்.

"எறங்கு. ஆனா திங்கக்கெழம பத்திரிகையில என்ன பேரு போடுவன்னு சொல்லிட்டு எறங்கு."

இறங்கவில்லை. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை எல்லாம் கண்ணாடி வழியாகவே பார்த்தேன். என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வேனுக்குள் துண்டுக்காரர் வீட்டுக்காரம்மா புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்த சத்தம் பட்டாசு மாதிரி கேட்டது.

கோட்டைக்குப் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. கடலை ஒட்டி, மஞ்சள் சுவரோடு, டென்மார்க்காரர்கள் கட்டியது. கீழே வளைவு வளைவாக அறைகள், மேலே நீளமாகத் திறந்த தளம், அதற்கப்பால் கடல். துண்டுக்காரர் முதல் முறையாகக் கடலைப் பார்த்தார். ஒரு நிமிடம் பார்த்திருப்பார்.

"இவ்ளோ தண்ணி இருந்து ஒரு மாடு குடிக்க முடியாது" என்று சொல்லிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டார். கடல் விஷயம் அத்தோடு முடிந்தது.

பீரங்கியைத்தான் அவருக்குப் பிடித்தது. முதுகில் தட்டினார். சுற்றி வந்தார். குனிந்து அதன் வாய்க்குள் பார்த்தார். "பல்லு இல்ல. கெழடு. உழவுக்கு ஆகாது" என்றார். இரண்டு காலேஜ் பையன்கள் அவரை போட்டோ எடுத்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணன் மேல் தளத்தின் வடக்குக் கோடியில் போய் நின்றுவிட்டான். நான் தெற்குக் கோடியில் நின்றேன். நடுவில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ரம்யா உட்கார்ந்திருந்தாள். சோற்றுப் பொட்டலம் மடியில் பிரிக்காமல் கிடந்தது.

துண்டுக்காரர் என்னிடம் வந்தார். "எதுக்கு இங்க கூட்டியாந்தேன் தெரியுமா? கோயில்ல சண்ட போட்டா சாமி குத்தம். மண்டபத்துல போட்டா ஊரு சிரிக்கும். கோட்டையில போட்டா எவன் கேப்பான்? அதுக்குன்னே கட்டி வச்சிருக்கான். கையக் குடு."

"சித்தப்பா, நான் மாடு இல்ல."

"மாடா இருந்தா எனக்கு இவ்ளோ கஷ்டம் இல்ல. கையக் குடு. சந்தையில பொம்பள கை துண்டுக்குள்ள வந்ததே கெடையாது. உனக்காக மொறைய மாத்துறேன். அஞ்சு வெரல்னா, நான் முழுசா எறங்கி வரேன், நானே மொதல்ல பேசுறேன்னு அர்த்தம். கை மூடியிருந்தா, செத்தாலும் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு அர்த்தம். நடுவுல உன் இஷ்டம். பேரம் படியுற வரைக்கும் ரெண்டு பேரும் பேசக் கூடாது, ஒருத்தர ஒருத்தர் பாக்கக் கூடாது. அது சந்த மொற."

கையைக் கொடுத்தேன். துண்டு விழுந்தது. உள்ளே என் கை மூடியே இருந்தது. அவர் முகம் மாறவில்லை. வடக்கே நடந்தார். அண்ணன் கைமேல் துண்டைப் போட்டார். திரும்பி வந்தார். என் கையில் ஒரு விரலை அழுத்தினார். அண்ணன் ஒரு விரல் இறங்கியிருக்கிறான் என்று அர்த்தம்.

"ஒண்ணா? ஒம்பது வருஷத்துக்கு ஒரு வெரலா?" என்றேன்.

"வாய்ல பேசாத. வெரல்ல பேசு."

நானும் ஒரு விரல் கொடுத்தேன். கடன் வைக்கிற பழக்கம் எனக்கில்லை. அவர் மறுபடி வடக்கே போனார்.

இப்படி மதியம் முழுக்க நடந்தார். வெயிலில் தளம் கொதித்தது. கோட்டை பார்க்க வந்தவர்கள் எங்களையும் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு அம்மா என்னிடம் வந்து, "அவரு கைரேகை பாப்பாராங்க?" என்று கேட்டாள். நான் பார்த்த பார்வையில் போய்விட்டாள். மூன்று மணிக்கு மேல் துண்டுக்காரர் என் கையில் இரண்டு விரல் அழுத்தினார். நான் இரண்டு கொடுத்தேன். அதோடு நின்றது. அவர் போனார், வந்தார், மறுபடி இரண்டுதான் அழுத்தினார்.

"அவன் மூணு குடுக்கட்டும், நான் மூணு குடுக்குறேன்" என்றேன்.

"நீ மொதல்ல குடேன்."

"நான் ஏன் மொதல்ல?"

என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ரம்யா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு போனபோதும் இப்படித்தான் பார்த்தாள். அப்போது பதினைந்து வயது. என்னிடம் எதையும் கேட்கத் தோன்றாத முகம் அது. அப்போதும் மூன்றாவது விரல் வரவில்லை. மனிதப் பிறவி எவ்வளவு கேவலமானது என்று அன்றைக்கு என் கையைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

கீழேயிருந்து காவலாளி விசில் ஊதினார். "மூடப் போறோம், எல்லாரும் எறங்குங்க."

துண்டுக்காரருக்கு முதல் முறையாக முகம் மாறியது. சந்தை கலைவதற்குள் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மாடு வீட்டுக்குப் போய்விடும். நாளை என்று ஒன்று கிடையாது. இது அவர் அடிக்கடி சொல்வது. தளத்தின் நடுவில் போய் நின்றார். இரண்டு பக்கமும் கையை நீட்டினார்.

"ரெண்டு பேரும் இங்க வாங்க. இனிமே நடக்க எனக்குக் காலு இல்ல. மூஞ்ச அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு கைய மட்டும் குடுங்க."

போனோம். நான் தெற்கே பார்த்துக்கொண்டு வலக்கையை நீட்டினேன். அண்ணன் வடக்கே பார்த்துக்கொண்டு நீட்டினான். எங்களுக்கு நடுவில் ஒரு ஆள் அகலம்தான். துண்டை விரித்து இரண்டு பக்கமும் மூடினார். ஒரே நேரத்தில் இரண்டு கை பிடித்துப் பேசியதாக அவர் வாழ்க்கையில் அதற்கு முன் கிடையாது.

நாற்பது வருடமாகத் துண்டு போட்டவர். ஆனால் மணப்பாறைச் சந்தையில் காற்று ஏது? புளியமரமும் புழுதியும்தான். கடலோரத்துச் சாயங்காலக் காற்று எப்படி இருக்கும் என்று அவருக்கு யார் சொல்வது? மேற்கேயிருந்து ஒரே வீச்சு. துண்டு படாரென்று எழும்பி, சுவரைத் தாண்டி, பாறைக்கு மேலே பறந்து, கடலில் விழுந்தது.

நான் சட்டென்று திரும்பினேன். அண்ணனும் திரும்பினான்.

என் கையில் இரண்டு விரல் நீட்டியிருந்தது. அவன் கை முழுதாக விரிந்து கிடந்தது. ஐந்து விரலும்.

அண்ணன் என் இரண்டு விரலைப் பார்த்தான். நான் அந்த ஐந்தைப் பார்த்தேன். துண்டுக்காரர் கடலைப் பார்த்தார்.

"இது எப்பலேர்ந்து?" என்றேன்.

அண்ணன்தான் பதில் சொன்னான். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. "காலையில டீக்கடையிலயே அஞ்சும் குடுத்துட்டேன். நீ ஒண்ணுமே எறங்கலன்னு சொன்னாரு. சரி, நிப்போம்னு நின்னேன்."

எனக்கு வந்த கோபத்தில் பீரங்கியில் வைத்துச் சுட்டிருப்பேன். "என்ன மனுஷன்யா நீங்க? காலையிலயே வெலை படிஞ்சிருச்சு. எதுக்கு நாள் முழுக்க வெயில்ல நிக்க வச்சீங்க? இந்தப் புள்ள சோறு திங்கல, பாத்தீங்களா?"

துண்டுக்காரர் இரண்டு கைகளையும் மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டார். தோளில் துண்டில்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. குளித்துவிட்டு வெளியே வந்தவர் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது போலக் கூசினார்.

"அவன் அஞ்சு குடுத்துட்டான்னு காலையில சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப? ஜெயிச்சுட்டோம்னு மூடின கைய மூடியபடியே வச்சிருப்ப. அவன் வந்து நின்னிருப்பான், பத்திரிகையில பேரு போட்டிருப்ப. ஆனா உன் மனசு எறங்கியிருக்காது. உங்கப்பன் மாட்ட விக்கும்போதே பாத்தேனே, மாட்டுக் கழுத்துல கைய வச்சுக்கிட்டு கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி விடல நீ. நீயா ரெண்டு வெரலு குடுக்க எனக்கு ஒரு பகலு ஆச்சு. அதுக்கு மேல என் தொழிலுக்கு வராது."

அண்ணன் பக்கம் திரும்பினேன். கடல் இரைச்சலில் என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அன்னைக்குக் கொள்ளியப் பத்தி நான் சொன்னது தப்பு."

"என்னது?" என்றான் அண்ணன், காதில் கையை வைத்துக்கொண்டு.

"சொன்னது தப்புன்னு சொன்னேன்."

"காத்துல ஒண்ணும் கேக்கல."

அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "நீ லீவு கெடைக்காம அங்க கெடந்து அழுதது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன். தப்பு. தப்பு. போதுமா?"

கோட்டை முழுக்கக் கேட்டது. கீழே டிக்கெட் கொடுக்கிறவர் வெளியே வந்து மேலே பார்த்தார். படியில் ஏறி வந்த காவலாளி பாதியில் நின்று, "அவுங்க பேசி முடிக்கட்டும்" என்று யாரிடமோ சொன்னார்.

அண்ணன் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். "மொத தடவையே கேட்டுச்சு" என்றான். ரம்யா எழுந்து வந்து எங்கள் இரண்டு பேர் கையிலும் ஆளுக்குப் பாதியாகப் புளிச்சோற்றை வைத்தாள். அது வெயிலில் நன்றாகவே புளித்திருந்தது. தின்றோம்.

திங்கட்கிழமை பத்திரிகைக்குக் கொடுத்தோம். தாய்மாமன் பெயரைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். மாப்பிள்ளை பெயரைவிடப் பெரிதாகிவிட்டது என்று பிரஸ்காரர் தயங்கினார். போடுய்யா என்றேன். கல்யாணத்தன்று மேடைக்கு நேர் எதிரே முதல் வரிசையில் துண்டுக்காரர் உட்கார்ந்து, தரங்கம்பாடிக் கோட்டையைத் தான் எப்படிப் பிடித்தேன் என்று வருவோர் போவோருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான்காவது முறை சொல்லும்போது அதில் பீரங்கியும் வெடித்தது.

இப்போதும் சந்தை நாள்தோறும் கடைக்கு வருவார். பருத்திக்கொட்டை மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து, வருகிற வாடிக்கையாளரின் மாட்டை வாய்க்கு வந்தபடி குறை சொல்வார். பாதிப் பேர் கோபித்துக்கொண்டு வாங்காமல் போகிறார்கள். எத்தனையோ தடவை திட்டியாயிற்று. போன சந்தைக்கு அவர் வரவில்லை. பத்து மணிவரை பார்த்தேன். வியாபாரம் நடக்கிற நேரத்தில் ஷட்டரை இழுத்துவிட்டு அவர் வீட்டுக்கு நடந்தேன். காலில் முள் தைத்து, வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். ஒரு ஆளிடமாவது சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா என்று தெருவே கேட்கத் திட்டிவிட்டு வந்தேன்.

சந்தை நாளில் கடையை எதற்குப் பூட்டினாய் என்று எங்கள் வீட்டுக்காரர் மூன்று நாளாகக் கேட்கிறார். இன்னும் நான் பதில் சொல்லவில்லை.